தப்பாக அடித்த மணி

கீழ்க்கரும்பாக்கம் காலனியில் சாவு மணி கேட்டால் "யாரு?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். "எந்த வூடு?" என்றுதான் கேட்பார்கள். ஆளைக் கேட்டால் கேட்டவர் வாயிலிருந்தே சாவு கிளம்பின மாதிரி ஆகிவிடுமாம். மணி என்னவோ சர்ச் மணிதான். ஆனால் ஜெபம் பண்ணுகிற வீட்டுக்கும் அதே மணி, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டுக்கும் அதே மணி. ஓர் அடி. அப்புறம் பத்து எண்ணுகிற அளவுக்குச் சும்மா இருக்கும். மறுபடி ஓர் அடி. அது காதில் விழுந்ததும், கழனியில் இருந்தாலும் களத்தில் இருந்தாலும், தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நிமிர்ந்து நிற்கவேண்டும். மணி ஓய்கிறவரை நகரக்கூடாது. யார் கொண்டுவந்த வழக்கமோ, இன்ஜினியரிங் படித்த பையன்கள்கூட பைக்கை ஓரம் கட்டிவிட்டு நிற்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. செத்த வீட்டு ஆள் வழியில் எதிர்ப்பட்டால் விஷயத்தை உடைக்கமாட்டார்கள். "ஒண்ணும் இல்ல, நீ வூட்டுக்கு வா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். அந்த "ஒண்ணும் இல்ல"வுக்கு என்ன அர்த்தம் என்று காலனியில் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

சாராளுக்கு இது இரண்டும் கேள்விப்பட்ட சங்கதி அல்ல, பட்ட சங்கதி. அவள் சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாசம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், பிற்பகலில் சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. சாம்பல் கையோடு எழுந்து நின்றாள். பக்கத்தில் நின்ற சமையல்காரம்மாவிடம் "எந்த வூடு?" என்று கேட்டாள். அந்தம்மாவுக்கு அதற்குள் போனில் சேதி வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கரண்டிகளை எண்ணினாள். சரி, யாரோ கிழடு கட்டையாக இருக்கும் என்று சாராள் மறுபடி குந்தி, அண்டாவின் அடியில் பிடித்ததைச் சுரண்டி, அலசி, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். "ஒண்ணும் இல்ல, வூட்டுக்கு வா" என்றார்கள்.

ஏரிக்கரைப் பனைமர வரிசையில் மூன்றாவது மரத்தடியில் மழைக்கு ஒதுங்கிய அவள் புருஷன் ஜெரோமை இடி எடுத்துவிட்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி போனைப் பார்த்தால், ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே ஒரு மெசேஜ். இடி மின்னல் வரும், வெட்டவெளியில் நிற்காதீர்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். புருஷன் சாவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்த மெசேஜ். அவள் திறக்கவே இல்லை. அதைவிட அவளைத் தின்றது இன்னொன்று. சொந்த வீட்டு மணிக்கு எவர் வீட்டு மணி மாதிரியோ எழுந்து நின்றுவிட்டு அண்டா கழுவினோமே என்பது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆறுதல் சொல்வார்கள், ஆறுதலைக் கேட்க அவளுக்குப் பிடிக்காது.

அந்தக் கோபத்தில்தான் இடிக்காவல் வந்தது. வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுக் கொண்டுவந்தாள். பங்குனியிலிருந்து ஆனி முடிய, உச்சி வெயில் சாய்ந்ததிலிருந்து பொழுது போகிறவரை ஒருவர் சர்ச் மாடியில் உட்காரவேண்டும். போனில் வருகிற எச்சரிக்கையையும் பார்க்கவேண்டும், மேற்கே வானத்தையும் பார்க்கவேண்டும். கறுத்தால் சர்ச் மைக்கில் சொல்லவேண்டும். கழனியில் இருக்கிறவர்கள் உடனே மோட்டார் கொட்டாய்க்குள் போய்விடவேண்டும். நாலு பக்கம் சுவர், மேலே கான்கிரீட், பத்துப் பதினைந்து பேர் நெருக்கி நிற்கலாம். பள்ளிக்கூட லீவில் முக்கால்வாசி நாள் சாராள்தான் உட்கார்ந்தாள். இரண்டு கோடையில் பதினெட்டு தடவை மைக் பிடித்தாள், பதினாலு தடவை நாலு தூறலோடு போயிற்று. "சாராள் சொன்னா சாரல்கூட வராது" என்று கிண்டல் பண்ணினார்கள். பண்ணிக்கொண்டே கொட்டாய்க்குள்ளும் போனார்கள். அவளுக்கு அது போதும்.

இந்த வருஷம் கத்திரி முடிய நாலு நாள் இருந்தது. ஏரிக்கு அந்தாண்டை வேர்க்கடலை பிடுங்கப் பதினோரு பேர் போயிருந்தார்கள். அதில் ஒருத்தி சாராளின் மகள் ஜெனிட்டா. மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. வார லீவில் வீட்டில் படுத்துக் கிடக்கக்கூடாதா? கடலை பிடுங்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். இன்னொருத்தி வசந்தா. அவள் புருஷன் பூபாலன் கம்பெனி பஸ் ஓட்டினவர், எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார். வாயும் கோணிவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தைதான் வரும், அதுவும் வசந்தாவுக்கு மட்டும்தான் புரியும். பகலில் சோறு ஊட்டி, தண்ணீர்ச் சொம்பைக் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, அவள் கூலிக்குப் போய்விடுவாள். பையன் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவான்.

பிற்பகல் சாராளின் போன் 'டிங்' என்றது. செங்கல்பட்டு மாவட்டம், அடுத்த ஒரு மணி நேரம், பலத்த இடி மின்னல். தலையைத் தூக்கிப் பார்த்தாள். மதுராந்தகம் பக்கம் வானம் அடுப்பு மேல் சுவர் மாதிரி கறுத்திருந்தது. நல்ல வேளை முன்கூட்டியே வந்தது என்று மைக் ரூமுக்கு ஓடினாள், சுவிட்சைப் போட்டாள். கரண்ட் இல்லை. காற்று கிளம்புவதற்கு முன்னாலேயே லைனை நிறுத்திவிட்டார்கள். பேட்டரி? பேட்டரியைச் சார்ஜ் போட செய்யூர் கடையில் கொடுத்து மூன்று நாளாகிறது, போய் எடுத்துவர ஒருத்தருக்கும் கால் வரவில்லை. சாராளுக்கும்தான் வரவில்லை. அதற்காக அங்கேயே நின்று தன்னைத் திட்டிக்கொள்ள நேரமும் இல்லை.

ஜெனிட்டாவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கழனியில் மண் பட்டுவிடும் என்று எல்லார் போனையும் ஒரு பையில் போட்டுச் சோற்றுத் தூக்கோடு மோட்டார் கொட்டாயில் மாட்டிவிடுவார்கள், அது சாராளுக்கே தெரியும். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் ஏரியைச் சுற்றி இருபது நிமிஷம். மேற்கே முதல் உறுமல் கேட்டுவிட்டது.

மணிதான் இருந்தது. மாடியிலேயே, வளைவுக்குள், வெள்ளைக்காரன் காலத்து வெண்கல மணி. அதை அடிக்கிறவர் ஞானதாஸ், கோவளத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சாராள் இந்த இரண்டு வருஷமாக அதே மாடியில் உட்கார்ந்தும் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. கயிறு முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரிதான் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். இப்போது இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். மணி அசைந்தது, அடிக்கவில்லை. மறுபடி தொங்கினாள். ஓர் அடி விழுந்தது. மாடியே அதிர்ந்தது.

ஞானதாஸ் ஞாயிற்றுக்கிழமை அடித்தால் விடாமல் கலகலவென்று கொட்டும். அதற்கு உடம்பைச் சாய்க்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. சாராளுக்கு எங்கே தெரியும் அந்தக் கணக்கு? கயிறு மேலே போய், அவளையும் குதிகால் தூக்க வைத்து, திரும்ப வந்து, அவள் மூச்சைச் சேர்த்து மறுபடி இழுக்கிறதற்குள் பத்து எண்ணிவிடலாம். ஓர் அடி. சும்மா. ஓர் அடி. சும்மா. நாலாவது அடிக்கு அவள் ஏரிக்கு அந்தாண்டை பார்த்தாள்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஓடப்போகிறார்கள் என்று பார்த்தாள். ஒருத்தரும் ஓடவில்லை. பதினோரு பேரும் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, தென்னை மட்டை உயரம்கூட எதுவும் இல்லாத அந்த வெட்டவெளியில் நட்டுவைத்த கொம்பு மாதிரி நின்றார்கள். அவளுக்குப் புரிந்தது. சாவு மணி அடித்திருக்கிறாள். எந்த வீட்டுக்கும் இல்லாத சாவு மணி.

கயிற்றை விட்டாள். மணி தானாக இன்னொரு அடி அடித்தது. அப்போதுதான் அந்தப் பதினோரு பேரில் ஒரு புள்ளி பிரிந்தது. வழக்கத்தையும் பார்க்காமல், மணி ஓய்வதற்கும் காத்திராமல், கழனியைக் குறுக்கே வெட்டி ஓட ஆரம்பித்தது. யார் என்று முகம் தெரியவேண்டியதில்லை. மணிச் சத்தம் கேட்டால் தன் வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வீடு காலனியில் இன்றைக்கு ஒன்றுதான். வசந்தா.

சாராள் படியிறங்கினாளா விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தண்டவாளத் துண்டு தொங்குகிறது, பக்கத்தில் இரும்புக் கம்பி. பியூன் வராத நாளில் அவள்தான் பெல் அடிப்பாள். கம்பியை எடுத்து லாங் பெல் அடித்தாள். சாயந்திரம் பள்ளிக்கூடம் விடுகிறபோது அடிக்கிற லாங் பெல், விடாமல், கணகணகணவென்று. அந்தக் கழனியில் நிற்கிற அத்தனை பேரும் இந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பெல்லுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள்தான். காற்றும் மேற்கேயிருந்து கிளம்பிச் சத்தத்தை அந்தப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போயிற்று. கை மரத்துப்போகிறவரை அடித்தாள்.

லாங் பெல் கேட்டதும் கால் தானாக ஓடிற்று என்றும், சாவு மணியும் லாங் பெல்லும் சேர்ந்து அடித்தால் அது அம்மாவைத் தவிர வேறு யாராக இருக்கும் என்றும் ஜெனிட்டா பின்னால் சொன்னாள். அவள்தான் எல்லாரையும் கொட்டாய்க்கு விரட்டினாளாம். சாராள் மறுபடி மாடி ஏறிப் பார்த்தபோது கழனி காலியாக இருந்தது. கொட்டாய் வாசலில் நெரிசலாக ஆட்கள். "கர்த்தாவே" என்று தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஏரிக்கரை மேல் ஒரு புள்ளி வந்துகொண்டிருந்தது. பனைமர வரிசையை ஒட்டி, பாதி தூரம்கூட வரவில்லை. அவளுக்கு இனி எந்த பெல்லும் காதில் ஏறாது.

காவல் இருப்பவர் இறங்கி வெட்டவெளிக்குப் போகக்கூடாது என்பது சாராள் போட்ட விதி. கூட்டத்தில் கத்திக் கத்திப் போட்ட விதி. மகள் கொட்டாய்க்குள் பத்திரமாக இருக்கிறாள். ஒரு நிமிஷம் நின்றாள், பொய் சொல்லக்கூடாது, நின்றாள். வசந்தா தானாக ஓடவில்லை, அவளை அந்தக் கரைமேல் ஓடவிட்டது தன் கை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெளிவாகப் புரிந்தது. செருப்பை உதறிவிட்டு ஓடினாள்.

கரையில் ஏறும்போது காற்றில் மண் பறந்தது. மழை இன்னும் விழவில்லை. மின்னல் மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்டியது. மூன்றாவது பனை மொட்டையாக நின்றது. சாராள் அதைப் பார்க்காமல் கடந்தாள். எதிரே வசந்தா தலைவிரி கோலமாக, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, வந்து மோதுகிற மாதிரி நின்றாள்.

"எந்த வூடு?" என்றாள் வசந்தா.

சாராளுக்கு மூச்சு வாங்கியது. வாயில் வந்தது ஒன்றுதான். "ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணும் இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வசந்தாவின் முகம் அப்படியே இறங்கிப்போயிற்று. அவள் கத்தவில்லை. "நான் இல்லாதப்ப போய்ட்டாரே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாராளைத் தள்ளிவிட்டு மறுபடி ஓடப்பார்த்தாள். இல்லக்கா, அண்ணன் நல்லாத்தான் கீறாரு, மணி சும்மா அடிச்சேன் என்று சாராள் சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகத்தான் போயிற்று. சும்மா யாராவது சாவு மணி அடிப்பார்களா? சாராளிடமே அன்றைக்கு யாராவது வந்து ஜெரோம் நல்லாத்தான் கீறான் என்று சொல்லியிருந்தால், அவளும்தான் நம்பியிருப்பாளா?

பேச்சால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. வசந்தாவை இடுப்போடு கட்டிப்பிடித்துக் கரைச் சரிவில் உருண்டாள். கீழே காய்ந்த கால்வாய். இரண்டு பேரும் அதற்குள் போய் விழுந்தார்கள். வசந்தா பிறாண்டினாள், அடித்தாள், கடித்தாள்கூட. சாராள் அவளைக் குந்த வைத்து, தலையைத் தன் மடியில் அமுக்கி, மேலே கவிழ்ந்துகொண்டாள். அப்போது வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக இறங்கின. தரை ஒரு தடவை உதைத்தது. காது அடைத்துப்போயிற்று. கரை மேலே, சற்று முன் இருவரும் நின்று பேசிய இடத்துக்குப் பக்கத்துப் பனை உச்சியிலிருந்து கீழே வரை பிளந்து புகைந்தது. அப்புறம்தான் மழை வந்தது, பெரிய பெரிய சொட்டாக.

அந்த மழைக்குள் சாராள் அவள் காதருகே வாயை வைத்துச் சொன்னாள், கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை, மைக் இல்லை, அதனால்தான் மணியை இழுத்தேன், எனக்கு வேகமாக அடிக்கத் தெரியவில்லை என்று. ஜெரோம் மேல் சத்தியம் பண்ணினாள். வசந்தா நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "இன்னாத்துக்கு இன்னும் பொய் சொல்லிகினு கீற, சாராளு" என்று மட்டும் கேட்டாள். இடி தலைக்கு மேலே தாண்டிக் கடல் பக்கம் போகிறவரை, முழங்கால் தண்ணீர் ஏறுகிறவரை, இரண்டு பேரும் அப்படியே குந்தியிருந்தார்கள். சாராள் அழுதாள். எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டு வருஷமாகத் தேங்கினது.

காலனிக்குள் நுழைந்தபோது வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். எந்த வூடு, எந்த வூடு என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வசந்தாவைச் சாராள் தாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டார்கள். அவர்களுக்கும் வீடு தெரிந்துவிட்டதாம். ஒருத்தி வந்து வசந்தாவின் இன்னொரு கையைப் பிடித்தாள். சாராளுக்கு இப்போது நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. அவள் பூபாலனைப் போய்ப் பார்த்துவிட்டா வந்தாள்? படுத்த படுக்கையாகத் தனியாகக் கிடக்கிறவர், இந்த இடியில் என்ன ஆனாரோ, அவள் சத்தியம் பண்ணியது சரிதானா என்று யாருக்குத் தெரியும்?

வசந்தா வீட்டுச் சந்தில் திரும்பினார்கள். பூபாலன் வாசற்படியில் கிடந்தார்.

குப்புறக் கிடந்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. மழை அவர் பின்கழுத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வசந்தா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவர் தலையைத் தூக்கினார்.

கட்டிலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டடி இருக்கும். எட்டு மாசமாக, பிடித்து உட்கார வைத்தாலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிற மனுஷன். நல்ல பக்கத்து முழங்கையை ஊன்றி ஊன்றி அத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். முழங்கை தோல் உரிந்து ரத்தமும் சேறுமாக இருந்தது. தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்து உள்ளே உருண்டு கிடந்தது. வானம் கறுத்ததை ஜன்னலில் பார்த்தவர், மணியையும் கேட்டவர், பெண்டாட்டி கழனியில் இருக்கிறாள் என்பதும் தெரிந்தவர். வசந்தா அவருக்காக ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்த அதே நேரம் அவர் வசந்தாவுக்காகத் தரையில் ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

வசந்தா தவழ்ந்தே போய் அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எந்திரிச்சி வரலாம்னு யாரு சொன்னது உனக்கு, புத்தி கீதா உனக்கு" என்று திட்டிக்கொண்டே ஈர முந்தானையால் அவர் முழங்கையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ரத்தம் வந்தது. அவர் அவளைக் காலிலிருந்து தலை வரைக்கும் ஒரு தடவை பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் சாராள் நிற்பதைக் கவனித்தார்.

"எந்த... வூடு?" என்றார்.

சந்து முழுக்க ஜனம் நின்றது. எல்லாரும் சாராளைத்தான் பார்த்தார்கள். மணி அடித்தவர்தான் வீட்டைச் சொல்லவேண்டும்.

"எந்த வூடும் இல்லண்ணா," என்றாள் சாராள். "இடி வருதுன்னு சொல்லத்தான் அடிச்சேன். எனக்கு அடிக்கத் தெரியல. தப்பா அடிச்சிட்டேன்."

வசந்தா அப்போதுதான் நிமிர்ந்து அவளை நம்பினாள். பூபாலன் கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது. வார்த்தை வருவதற்கு நேரம் பிடித்தது, ஆனால் வந்தபோது வசந்தா விளக்கவேண்டியிருக்கவில்லை, சந்தில் நின்ற எல்லாருக்கும் புரிந்தது.

"தப்பாவே... அடிம்மா," என்றார். "எப்பவும்."